முற்றுப்புள்ளியும் பூதக்கண்ணாடியும்

லண்டனில் 1665ல் வெளியான ராபர்ட் ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா' ஒரு ஊசி முனையிலிருந்து ஆரம்பிக்கிறது. 60 அவதானிப்புகளும் 38 செப்புத்தகட்டுப் படங்களும் கொண்ட பெரிய புத்தகம். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற ஊசி முனை மைக்ராஸ்கோப்பின் கீழ் மழுங்கி, மேடும் பள்ளமுமாக இருப்பதைச் சொல்லிவிட்டு, ஹூக் கையோடு ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துக்கொள்கிறார். அச்சுப் புத்தகத்தில் வாக்கியத்தின் முடிவில் வருகிற சாதாரணப் புள்ளி. அது வட்டமாக இல்லை. ஓரங்கள் பிய்ந்து, மை திட்டுத்திட்டாக அப்பி, லண்டன் தெருச் சேறு தெறித்த மாதிரி இருக்கிறது. கையால் எழுதிய புள்ளிகளையும் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்ட புள்ளிகளையும் பார்க்கிறார். அவையும் அப்படித்தான். ஊசி முனை இருக்கிற அதே தகட்டில் அந்தப் புள்ளியும் கரடுமுரடான கறுப்புக் கறையாக அச்சாகியிருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு விஞ்ஞானம் நினைவுக்கு வரவில்லை. மூன்று வருஷங்களுக்கு முன்னால் இதே பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் எழுதிய மதிப்புரை நினைவுக்கு வந்தது. அந்த மதிப்புரையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் நேராக அங்கே போக முடியவில்லை. ஹூக் வழியாகத்தான் நான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். வாசகரும் அப்படியே வருவது நல்லது.

நான் வங்கியில் குமாஸ்தா. காசோலையில் இருக்கிற கையெழுத்தையும் கணக்கு ஆரம்பித்த நாளில் வாங்கிவைத்த மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. முன்பு மாதிரிக் கையெழுத்து அட்டையில் இருக்கும். இப்போது கம்ப்யூட்டர் திரையில் வருகிறது. சந்தேகம் வந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓரளவுக்கு மேல் பெரிதாக்கினால் கையெழுத்து மறைந்து சாம்பல் நிறச் சதுரங்கள்தான் மிஞ்சும். பெரிதாக்குவது வேறு, கூடுதலாகப் பார்ப்பது வேறு என்பதை எனக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிற திரை அது. நான்தான் கற்றுக்கொள்ளவில்லை.

*

ஹூக் 1635ல் வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தேவாலயத்தில் உதவிக் குருவாக இருந்தவர். 1648ல் அவர் இறந்த பிறகு பையன் லண்டனுக்கு வந்து, பீட்டர் லீலி என்ற பிரபல உருவப்பட ஓவியரிடம் கொஞ்ச காலம் தொழில் கற்றுக்கொள்ளப் போனான். அங்கே நிலைக்கவில்லை. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, ராபர்ட் பாயிலின் ஆய்வுகளில் உதவியாளர் வேலை, 1662ல் ராயல் சொசைட்டியில் பரிசோதனைகளை நடத்திக் காட்டும் பொறுப்பு. விஞ்ஞானியாவதற்கு முன்னால் அவர் கையில் இருந்தது பென்சில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் அவர் சொல்கிற ஒரு விஷயம்தான் என்னை நிறுத்திவைத்தது. ஒரு பொருளைப் பல வெளிச்சங்களில், பல நிலைகளில் திரும்பத் திரும்பப் பார்த்து, அதன் உண்மையான உருவம் இன்னது என்று தெளிவாகும்வரை அவர் வரைய ஆரம்பிப்பதில்லை. காரணம், மைக்ராஸ்கோப்பில் மேடு எது பள்ளம் எது என்று சட்டென்று தெரியாது. நிழல் எது, கறுப்பு நிறமே எது என்று தெரியாது. வெளிச்சம் பட்டு மின்னுவதா, இயல்பிலேயே வெளுப்பா என்றும் தெரியாது. ஈயின் கண்ணை உதாரணம் காட்டுகிறார். ஒரு வெளிச்சத்தில் அது துளைகள் நிறைந்த சல்லடை போலத் தெரிகிறது. வெயிலில் பொன் ஆணிகள் அறைந்த பரப்பு. வேறொரு நிலையில் பிரமிடுகள். இன்னொரு நிலையில் கூம்புகள். நான்கும் அதே கண். நான்கையும் அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். ஆனால் படமாக வரைந்தது வரிசை வரிசையான அரைக்கோள முத்துக்களை.

வெளிச்சத்துக்காக அவர் பட்ட பாடு ஒரு தனிக் கதை. லண்டன் குளிர்காலத்தில் சூரியனை நம்ப முடியாது. எண்ணெய் விளக்கை வைத்து, அதன் முன் உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையையும் ஒரு லென்ஸையும் நிறுத்தி, பொருளின்மேல் வெளிச்சத்தைக் குவித்தார். பொருள்களும் ஒத்துழைக்கவில்லை. எறும்பு ஒரு இடத்தில் நிற்காது. காலை மெழுகில் ஒட்டினால் உடம்பை முறுக்கி நெளிகிறது. கொன்றால் உடம்பு சுருங்கி உருவம் கெட்டுப்போகிறது. கடைசியில் காய்ச்சி வடித்த சாராயத்தில் போட்டார். எறும்பு மயங்கிக் கிடந்தது. வெளியே எடுத்துவைத்துப் பார்த்து வரைந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அது போதை தெளிந்து எழுந்து ஓடியே போயிற்று. பேனைத் தன் கையிலேயே கடிக்க விட்டு, ரத்தம் அதன் உடம்புக்குள் ஏறுவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பவனின் ரத்தம் பார்க்கப்படுகிற பொருளுக்குள் ஓடுகிறது. விமர்சகன் என்று பெயர் வாங்கிய யாரும் இப்படிக் கையை நீட்டி நான் பார்த்ததில்லை. நானும் நீட்டியதில்லை.

அந்தப் புத்தகத்தின் புகழ்பெற்ற படம் தெள்ளுப்பூச்சி. புத்தகத்துக்குள் மடித்துவைத்திருக்கிற அந்தத் தகட்டை விரித்தால் ஒன்றரை அடி நீளம் வரும். ஸ்கேன் செய்த பக்கங்களில் மடிப்புக் கோடுகள்கூடத் தெரிகின்றன. கவசம் கவசமாக அடுக்கிய உடம்பு, ரோமங்கள், மடங்கிய பின்னங்கால்கள். நம் மொழியில் லென்ஸுக்கு யார் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்களோ அவர்கள் இந்தப் படத்தைப் பார்க்காமலே இதைத் தெரிந்துகொண்டிருந்தார்கள். கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1665 ஜனவரி 21ந் தேதி இரவு இரண்டு மணிவரை கண்விழித்து இந்தப் புத்தகத்தைப் படித்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தன் ஆயுளில் படித்த புத்தகங்களிலேயே இதைப் போல நுட்பமானது இல்லை என்பது அவர் கருத்து. ஆபீஸ் வேலை பார்க்கிறவன் ராத்திரியில் படிக்கிற புத்தகம் என்பதில் எனக்கு ஒரு சொந்தத் திருப்தி.

இந்தத் தெள்ளுப்பூச்சியை ஹூக் ஒரு தடவைகூட இந்த உருவில் பார்த்திருக்க முடியாது. லென்ஸ் வழியே ஒரு நேரத்தில் தெரிவது ஒரு சிறு வட்டம். அதிலும் ஒரு தளம் தெளிவாக இருந்தால் மேலும் கீழும் மங்கிவிடும். கால் ஒரு சமயம், முதுகு ஒரு சமயம், ரோமம் வேறொரு வெளிச்சத்தில் என்று பார்த்தவற்றையெல்லாம் மனதில் சேர்த்து, கையால் ஒன்றாக்கியது அந்தப் படம். ஆக, அது பார்த்ததன் நகல் அல்ல. பலமுறை பார்த்ததன்மேல் எடுத்த முடிவு. அப்படியானால் பொய்யா? அல்ல என்று நினைக்கிறேன். எப்படிப் பார்த்தேன், எதில் ஏமாந்தேன், எப்போது தெளிந்தேன் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிட்ட பிறகு அந்த முடிவுக்கு ஒரு நேர்மை வந்துவிடுகிறது.

அதே சமயம், அந்தப் படத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. புத்தகம் வந்த அதே 1665ன் கோடையில் லண்டனைக் கொள்ளைநோய் பிடித்தது. அந்த வருஷத்து மரணப் பட்டியல்களின்படி அதில் செத்தவர்கள் 68 ஆயிரத்துக்கு மேல். கொள்ளைநோய்க் கிருமியை யெர்சன் கண்டது 1894ல். எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சி அந்த நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் பரிசோதித்துக் காட்டியது 1898ல். 233 வருஷங்கள் கழித்து. ஹூக்கைப் போலத் தெள்ளுப்பூச்சியை அணுக்கமாகப் பார்த்தவர் அந்த ஊரில் யாருமில்லை. எனினும் பூச்சிக்கும் எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் இருந்தது எந்தத் தகட்டிலும் விழவில்லை. அது பொருளில் இல்லை, பொருள்களுக்கு இடையில் இருந்தது. பூதக்கண்ணாடி ஒன்றைத்தான் பெரிதாக்கும். இரண்டுக்கு இடையில் இருப்பதை அது பெரிதாக்குவதில்லை.

*

18ஆவது அவதானிப்பு தக்கையைப் பற்றியது. பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவிப் பார்த்தபோது தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். உயிரியலில் இன்றும் அதுதான் பெயர். பிறகு கணக்குப் போடுகிறார்: ஒரு அங்குலத்தில் 18ல் ஒரு பங்கு நீளத்துக்கு 60 அறைகள், ஆகவே ஒரு அங்குலத்துக்கு 1080, ஒரு கன அங்குலத்தில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். நான் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் அந்த அறைகள் காலியானவை. தக்கை செத்த பட்டை. உயிர் குடியிருந்து போன பிறகு மிஞ்சின சுவர்களைத்தான் ஹூக் எண்ணினார். சுவரை எண்ணுவதும் அறிவுதான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுவரை வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

ஊசியையும் புள்ளியையும் கத்தி விளிம்பையும் பார்த்து ஹூக் ஒரு முடிவுக்கு வருகிறார்: மனிதன் செய்த பொருளைப் பெரிதாக்கினால் அதன் குறைகள் தெரியும், இயற்கையின் பொருளைப் பெரிதாக்கினால் மேலும் மேலும் நேர்த்தி தெரியும். அவர் காலத்து இறைநம்பிக்கையோடு பொருந்துகிற முடிவு இது. எனக்குக் கேள்வி வேறு. கவிதை எந்தப் பக்கம்? அது மனிதன் செய்த ஊசியா, தானாக உண்டான கொடுக்கா? பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது ஐ. ஏ. ரிச்சர்ட்ஸைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு எழுதியவர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித்தந்ததை வைத்து 1929ல் ஒரு புத்தகம் போட்டவர். தமிழில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' நடத்திய நாட்களில் அலசல் விமர்சனம் என்ற பெயரில் வரிவரியாகப் பார்க்கிற பழக்கத்துக்கு வழிபோட்டார். நான் இந்த இரண்டு வழியிலும் வந்தவன். உரைகல் என் கையில் இருக்கிறது, கல்லில் வைத்து இழுத்தால் தெரிந்துவிடும் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

*

ஹூக்கைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறவர் ஆன்டனி வான் லேவன்ஹுக். 1632ல் டெல்ஃப்டில் பிறந்தவர். ஜவுளிக் கடைக்காரர். 1660லிருந்து நகரசபை மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகம். லத்தீன் தெரியாது. தெரிந்த டச்சு மொழியிலேயே 1673லிருந்து சாகிறவரை, 50 வருஷம், லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய மைக்ராஸ்கோப் உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகத் தகடு. நடுவில் ஒரே ஒரு குட்டி லென்ஸ். தப்பிப் பிழைத்தவற்றில் சிறந்த ஒன்று ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்குகிறது.

அவருக்கு வரைய வராது. அதை அவரே சொல்லிக்கொண்டார். சம்பளம் கொடுத்து ஓவியரை வைத்துக்கொண்டார். ஓவியரும் தன் கண்ணால் லென்ஸில் பார்க்க வேண்டும், பார்த்ததை வரைய வேண்டும். ஒரு சமயம், பிறக்காத சிப்பிக் குஞ்சுகள் கருவுறைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருப்பதை அவரும் அவருடைய மகளும் ஓவியருமாக இரண்டு மணி நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த அறையை நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்கிறேன். அந்த ஓவியர் கையில் பென்சிலோடு, வரைய முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காகிதத்தில் சிப்பி வரும், சுழற்சி வராது.

1676ல் நீரில் மிளகைப் போட்டு ஊறவைத்துப் பார்த்ததில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்துவதைக் கண்டு எழுதினார். லண்டனில் நம்பவில்லை. அவர் பாதிரிமார்கள், நோட்டரி என்று ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, பார்த்தோம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார். ராயல் சொசைட்டியில் ஹூக் அதே பரிசோதனையைச் செய்தபோது முதலில் ஒன்றும் தென்படவில்லை. அதோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஹூக் விடவில்லை. இன்னும் மெல்லிய கண்ணாடிக் குழாய், இன்னும் நல்ல மைக்ராஸ்கோப் என்று மாற்றி, 1677 நவம்பர் 15ந் தேதி பார்த்துவிட்டார். கூடியிருந்தவர்களும் பார்த்தார்கள். தன் கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று சொல்லாமல், முதலில் தன் கருவியைச் சந்தேகப்பட்டார் ஹூக். பின்னாளில் சக விஞ்ஞானிகளோடு அவர் போட்ட சண்டைகளை எல்லாம் நான் இந்த ஒரு நாளுக்காகக் கழித்துவிடத் தயார்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. நிக்கோலாஸ் ஹார்ட்சோக்கர் 1694ல் பாரிசில் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு படம்: விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குட்டி மனிதன். இவர் இப்படிப் பார்த்ததாகச் சொன்னார் என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. மூடியிருக்கிற தோலுக்குள் பார்க்க முடிந்தால் ஒருவேளை இப்படித் தெரியலாம் என்றுதான் எழுதினார். அந்த 'ஒருவேளை' எழுத்தில் இருந்தது, படத்தில் வரவில்லை. கோட்டினால் 'ஒருவேளை'யை வரைய முடியாது. படம் நின்றது, சொல் உதிர்ந்துபோயிற்று.

*

இப்போது என் மதிப்புரை. ஒரு சிறிய ஊரில் பள்ளி ஆசிரியராக இருப்பவரின் முதல் தொகுப்பு. நான் எடுத்துக்கொண்டது அதிலிருந்த ஒரு கவிதையை. சலவைக்குப் போடுகிற துணிகளின் கணக்கு. வேட்டி இத்தனை, புடவை இத்தனை, சட்டை இத்தனை, துண்டு இத்தனை. இரண்டாவது பகுதியிலும் அதே கணக்கு. அவ்வளவுதான் கவிதை. இது கவிதை அல்ல, சலவைக் கணக்கு என்றேன். இரண்டாம் முறை சொன்னதையே சொல்வது சொல்வதற்கு எதுவும் இல்லாததால் என்றேன். மொத்தத் தொகுப்புக்கும் இது ஒரு மாதிரி என்று முடித்தேன். எங்கேயும் 'ஒருவேளை' போடவில்லை. மதிப்புரை நன்றாக இருப்பதாக இரண்டு மூன்று நண்பர்கள் சொன்னார்கள். கவிஞரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. மதிப்புரை கிடைத்தது, நன்றி என்று ஒரே வரி. அதற்குப் பிறகு அவர் கவிதை எதுவும் எந்தப் பத்திரிகையிலும் என் கண்ணில் படவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு விதமான கர்வம், அதனால் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஒரு நாள், கவுன்ட்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். பணம் எடுக்கக் காசோலை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை. திரையில் இருப்பது நேராக, அழுத்தமாக ஓடுகிற கையெழுத்து. காசோலையில் இருப்பது நடுங்கி, நடுவில் அறுந்து, கீழே இறங்குகிறது. இன்னொரு தாளில் போட்டுக்காட்டச் சொன்னேன். மூன்று முறை போட்டார், மூன்றும் மூன்று விதமாக வந்தது. "நானே வந்து நிக்கறேனே தம்பி, அதைவிட என்ன கையெழுத்து வேணும்?" என்றார். நான் திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி எழுந்து வந்து, அவருடைய அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்து, புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்கச் சொன்னார். விதிப்படி நான் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்த மூன்று கையெழுத்துகளும் பொய்யல்ல, மூன்றும் அவருடையவை. நான் ஒரே ஒரு நாளின் கையெழுத்தைத்தான் நிஜம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்தேன். சலவைக் கணக்கை வாசித்தேன். தொழில் பழக்கத்தில் கை தானாகப் பென்சிலை எடுத்து உருப்படிகளை எண்ணியது. முதல் பகுதியில் பதினாறு. இரண்டாவதில் பதினைந்து. திரும்ப எண்ணினேன். பதினைந்துதான். முதலில் இருந்த ஒரு சின்னச் சட்டை இரண்டாவதில் இல்லை. கவிதை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மற்ற எல்லாம் அப்படியே, அதே வரிசையில், அதே எண்ணிக்கையில்.

பகலெல்லாம் கணக்கு நேர் செய்து பிழைக்கிறவன் நான். ஒரு ரூபாய் உதைத்தால் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடுகிறவன். ஒரு குழந்தையின் சட்டை உதைத்தது என் கண்ணில் படவில்லை. பள்ளம் என்று நான் வரைந்துகாட்டியது மேடு. வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். சொல்வதற்கு எதுவும் இல்லாததால் திரும்பச் சொல்கிறார் என்றேன். சொல்ல முடியாததால் திரும்பச் சொல்லியிருக்கிறார். அது ஒரு பகுதியிலும் இல்லை, இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

இதனால் அந்தத் தொகுப்பு மகத்தான தொகுப்பு ஆகிவிடவில்லை. மறுபடி படித்ததிலும் பல கவிதைகள் சாதாரணமாகவே பட்டன. இரண்டு மூன்று மோசம். அவற்றைப் பற்றிய என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பச்சாதாபத்தினால் தருகிற பாராட்டும் பிழையான படம்தான். அலசிப் பார்க்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சின்னச் சட்டையைக் கண்டுபிடித்ததும் எண்ணிப் பார்த்ததால்தானே ஒழிய, கண்ணைமூடி ரசித்ததால் அல்ல. முதல் தடவை நான் பூதக்கண்ணாடியை வைத்ததில் தப்பு இல்லை. ஒரு தடவை வைத்ததும் வரைய உட்கார்ந்ததுதான் தப்பு.

மதிப்புரை இந்தப் பத்திரிகையில் வந்தது. ஆகவே திருத்தமும் இதிலேயே வர வேண்டும். அந்த ஆசிரியர் இதை இப்போதும் வாங்குகிறாரா என்று தெரியாது. வாங்கினால், அந்தக் கவிதையைச் சரியாகப் படிக்க எனக்கு மூன்று வருஷங்கள் பிடித்தன என்று தெரிந்துகொள்ளட்டும். அவருக்குப் போஸ்ட்கார்டு எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். சட்டையைப் பற்றிக் கேட்காமல் எழுத முடியவில்லை. கேட்கவும் கூடாது. கார்டு இன்னும் மேஜையில் இருக்கிறது. முகவரி எழுதி, முதல் வரிக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதுவும் வட்டமாக இல்லை.